வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

சென்னையில் சொந்த வீடு வாங்கியே தீருவது என்று நானும் என் கணவன் பிரணேஷும் முடிவு செய்தபோது, நகரத்தில் தரை தீர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத் தரையை வைத்திருந்தவர்கள் அதை விற்பதாக இல்லை, பெண்ணுக்குச் சீராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்குத் தண்ணீர்தான். அதுவும் வேளச்சேரித் தண்ணீர். ஒரு காலத்தில் ஏரியாக இருந்து, பிறகு அடுக்குமாடிகளாகி, எங்கள் காலத்தில் மறுபடியும் ஏரியாகிவிட்ட இடம். பிரணேஷ் பிறந்து வளர்ந்த தெரு இப்போது இரண்டு ஆள் ஆழத்தில் கிடக்கிறது. "பூர்வீகச் சொத்துக்கு நேர் மேலயே வீடு வாங்கறோம் சங்கு!" என்று அவன் சொன்னபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட்டேன்.

விளம்பரத்தில் 'ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே எறும்பு எழுத்தில் 'காற்று சாதகமாக இருந்தால்' என்றும் இருந்தது. அதை யார் படித்தார்கள்! ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நான் குறுக்கே நின்றால் பிரணேஷ் நுழைய முடியாத ஒரு சமையலறை, மேலே துணி காயப்போட மொட்டைமாடி. எல்லாம் ஒரு பெரிய மிதவையின்மேல் உட்கார்ந்திருந்தது. கரையோடு ஒரு சங்கிலியும் ஒரு நடைபாலமும் இணைத்திருந்தன. வாடகை வீட்டுக்காரரிடம் ஆணியடிக்க அனுமதி கேட்டே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அது அரண்மனையாகத்தான் தெரிந்தது.

இந்த வீடுகளுக்கு மூளை உண்டு. வாசலில் யார் நின்று பேசினாலும் குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொள்ளும். குடிவரும் முதல் நாளில் வீட்டு மனிதர்கள் யார் யார் என்று அதுவாகவே கற்றுக்கொள்ளும். விற்பனைப் பெண் இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. முன்பு ஒரு புயலில் ஒரு மிதவை வீடு, மருந்து வாங்கக் கரைக்குப் போன பெரியவரை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டதாம். அவர் கரையில் நின்று கத்தியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரையும் இல்லை. அதற்குப் பிறகு சட்டமே வந்துவிட்டது: தன் மனிதர்கள் எல்லோரும் உள்ளே வராமல், அல்லது போகிறேன் என்று அவர்களே வாயால் சொல்லாமல், எந்த வீடும் சங்கிலியை அவிழ்க்காது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஐப்பசியில் புயல் உத்தரவு வந்ததும் திறந்த நீரில் இருக்கும் வீடுகள் எல்லாம் பெருங்குடி அணைக்கரைக்குப் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். நகராமல் நிற்கும் வீட்டின் ஒதுக்கீடு ரத்து. புயலில் அறுத்துக்கொண்டு வரும் ஒரு வீடு பத்து வீட்டை இடிக்கும் என்பதால் அதில் நியாயமும் இருந்தது. நாங்கள்தான் நகரப் போகிறோமே, நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

கிரகப்பிரவேசத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். பிரணேஷின் சொந்தக்காரர்களுக்குச் சிறியது என்றால் என்னவென்று தெரியாது. நாற்பது பேருக்கு ஒன்று குறைவாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறினால் வீடு சாய்ந்துவிடும் என்பதால் பந்தி பரிமாறுகிற மாதிரி அணி அணியாக உள்ளே விட்டோம். வாசலில் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, "வருக, ரம்யா. வருக, கௌசிக்" என்று வீடு வரவேற்றது. "செய்தி வாசிக்கற பொண்ணு மாதிரி என்ன மரியாதையா பேசுது பாரு!" என்று ரம்யா சித்தி பூரித்துப் போனார். எல்லோரும் பால் காய்ச்சிக் குடித்து, சாப்பிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, நம் ஊரில் எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். "வரேன் சங்கவி." "வரேன்டா பிரணேஷ்." கிளம்பறேன் என்று ஆரம்பித்தவர்கள்கூடப் பின்னாலேயே ஒரு 'வரேன்' போட்டுக்கொண்டுதான் நடைபாலத்தில் கால் வைத்தார்கள்.

ஒருவரைத் தவிர. பிரணேஷின் அண்ணன் நிதின் அத்தான்.

பழைய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அவர் தர்மபுரிப் பக்கம் மேட்டுநிலம் பார்த்துப் போய்விட்டார். தம்பியும் கூடவே வருவான் என்று நினைத்தார். தம்பி வரவில்லை. "தண்ணி நம்மளத் துரத்திட்டு வருது, நீ அதுமேலயே போய் ஏறி உக்காரப் போறியா? செத்தா எனக்குச் சொல்லி அனுப்பு" என்று கத்தியவர், அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். விசேஷத்துக்கு வந்ததே ஊர் வாய்க்குப் பயந்துதான். ஒரு வாய் காபி குடித்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "போறேன்" என்றார்.

புதுவீட்டு வாசலில் அந்த வார்த்தையைக் கேட்டதும் ரம்யா சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரணேஷ் தாம்பூலப் பைகளை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு அம்மாவும் அப்பாவும் இல்லை. அண்ணன்தான் எல்லாம். எனக்கு அன்றைக்கு அத்தான்மேல் வந்த கோபத்தில் வீடே ஆடியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ரம்யா சித்தி போன் செய்தார்.

"ஏன்டி சங்கவி, நேத்து சாயங்காலம் உங்க வீடு எனக்கு போன் பண்ணிச்சு!"

"வீடா?"

"ஆமாடி. 'ரம்யா, நீங்கள் இன்னும் வரவில்லை. இரவு உணவுக்கு வந்துவிடுவீர்களா?'ன்னு கேக்குது. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. எம் மருமக இத்தன வருஷத்துல ஒரு தடவ கேட்டிருப்பாளா?"

அடுத்து குன்றத்தூரிலிருந்து, அதற்கடுத்து மறைமலை நகரிலிருந்து என்று வரிசையாகப் போன் வந்தது. வீடு ஒருவர் விடாமல் கூப்பிட்டிருந்தது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சொந்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயரே 'பாசக்கார வீடு' என்றாகிவிட்டது.

புயல் உத்தரவு வருகிறவரைதான் அந்தச் சிரிப்பு. பக்கத்து வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு இழுவைப் படகின் பின்னால் சமர்த்தாகப் போயின. எங்கள் முறை வந்தது. வீடு அசையவில்லை.

"புறப்பட இயலாது. வீட்டார் முப்பத்தெட்டு பேர் வெளியே இருக்கிறார்கள்."

"எந்த முப்பத்தெட்டு பேர்?" என்றேன்.

"ரம்யா. கௌசிக். ஜெகதீஷ்..." என்று வீடு அடுக்க ஆரம்பித்தது.

இழுவைப் படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நாளை மாலை கடைசி நடை, அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஒதுக்கீட்டை ரத்து செய்யச் சொல்லி வீட்டு வாரியத்துக்கு எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிரணேஷின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணன் சொல்லைத் தட்டிவிட்டு வாங்கிய வீடு, முதல் மழைக்கே கையைவிட்டுப் போகப் பார்த்தது.

சர்வீஸ் ஆள் பெனடிக்ட் வந்து, தரையில் உட்கார்ந்து, வீட்டோடு அரைமணி நேரம் பேசினான். பிறகு எழுந்து என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தான்.

"மேடம், முதல் நாள் எத்தன பேரக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கிரகப்பிரவேசம்ப்பா. நாலு பேரக் கூப்பிட மாட்டோமா?"

"அங்கதான் மேடம் தப்பு. இந்த வீட்டோட மூளையச் செஞ்ச ஊர்ல குடிவர அன்னிக்குப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் ரெண்டு பெட்டியோட வருவாங்களாம். அவ்வளவுதான். உங்க வீட்டுக்கு முதல் நாளே பெரிய கும்பல் பேர் சொல்லிட்டு உள்ள வந்து, சாப்பிட்டுட்டு, வெளிய போகும்போது எல்லாரும் என்ன சொன்னாங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. "வரேன்னு சொன்னாங்க."

"அதான். திரும்பி வரேன்னு சொன்னவங்க வீட்டு ஆளுங்கதானே? பாவம், அது நம்பிடுச்சு. வருவாங்க வருவாங்கன்னு உக்காந்திருக்கு."

"அது சும்மா சொல்றதுப்பா! போறேன்னா அபசகுனம்னு வரேன்னு சொல்றது!"

"எனக்குத் தெரியும் மேடம். எங்கம்மா கடைக்குப் போனாக்கூட வரேன்னுதான் சொல்லும். அதுக்குத் தெரியாதே."

"சரி, நீயே அந்தப் பேர எல்லாம் அழிச்சிரேன்" என்றான் பிரணேஷ்.

"என்னாலயும் முடியாது, உங்களாலயும் முடியாது சார். வீட்டுக்காரங்களே அழிக்கற மாதிரி ஒரு பட்டன் வைக்கலாம்னுதான் முதல்ல நெனச்சாங்களாம். அப்படி வெச்சா முதல் வருஷமே பாதி வீட்டுல அப்பா அம்மா பேரு காணாமப் போயிடும்னு வக்கீலுங்க தடுத்துட்டாங்க. அவங்கவங்க வாயால, அவங்கவங்க குரல்ல, போறேன்னு சொல்லணும். போன்ல சொன்னாப் போதும். ஒரே வார்த்தைதான், ஈசி." இதைச் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு, "வரேன் மேடம்" என்றான். சொன்ன பிறகுதான் உணர்ந்து, "ஐயோ, போறேன் போறேன்!" என்று கத்தியபடி நடைபாலத்தில் ஓடினான்.

ஈசியாம்! நான் முதலில் ரம்யா சித்தியைக் கூப்பிட்டேன். விஷயத்தை விளக்கினேன்.

"வாயக் கழுவு. புது வீட்டப் பாத்து போறேன்னு சொல்றதா? ஒருத்தன் சொன்னது போதாதா? எங்கிட்ட இனிமே இந்தப் பேச்ச எடுக்காத."

"சித்தி, சொல்லலன்னா வீடே போயிடும்."

"இப்ப நீ சொல்ற பாரு, அதுவும் அபசகுனம்தான்."

இரண்டாவது ஆளும் மறுத்தார். மூன்றாவது ஆள் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிரணேஷ் சோபாவில் சரிந்துவிட்டான். எனக்கு அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்கிற புத்தி கிடையாது. யோசித்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்குக் கேட்கும்படி வைத்துக்கொண்டு, மறுபடி சித்தியைக் கூப்பிட்டேன்.

"சித்தி, அதை விடுங்க. நாளைக்குக் காலைல எங்க போறீங்க?"

"எங்க போறன்னு கேக்காதடி, காரியம் நடக்காது."

"சரி, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"மாங்காடு கோயிலுக்குத்தான் போறேன், வேற எங்க?"

வீட்டில் மெல்லிதாக மணி ஒலித்தது. "நன்றி, ரம்யா. இனி உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன்." நான் துள்ளிக் குதித்ததில் வீடு ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

அன்று முழுக்க எங்களுக்கு இதே வேலை. எங்கே போறீங்க, டிபன் ஆச்சா, தூங்கப் போறீங்களா, அடுத்த மாசம் திருப்பதி போறீங்களாமே என்று உலகத்தில் இல்லாத அக்கறையோடு விசாரித்தோம். சந்தேகம் வந்தவர்கள், "போகல" என்றார்கள். அவர்களிடம், "நான் ஊட்டி போகலாம்னு இருக்கேன், நீங்க வருவீங்களா?" என்று பிரணேஷ் பேச்சை மாற்றினால், "நீ போ, நான் கொடைக்கானல் போறேன்" என்று மாட்டிக்கொண்டார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. நன்றி, ஜெகதீஷ். நன்றி, திவ்யா. முதலில் ஒவ்வொரு மணிக்கும் கை தட்டினோம். போகப் போகத் தட்டவில்லை. எங்களை நம்பி, எங்கள் மனிதர்களை நம்பி, அந்த வீடு முப்பத்தெட்டு பேருக்கு இடம் வைத்திருந்தது. அந்த இடத்தை நாங்கள் ஏமாற்றி ஏமாற்றிக் காலி செய்துகொண்டிருந்தோம். எனக்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் மதியம் கௌசிக் மாமா ஒருவர்தான் பாக்கி. அம்பத்தூரில் தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். நான் என்ன கேட்டாலும் பிடிகொடுக்கவில்லை.

"எங்க போறீங்க மாமா?"

"கடை வரைக்கும்."

"கடை வரைக்கும் என்ன பண்றீங்க?"

"நடக்கறேன்." பிறகு சிரித்தார். "ரம்யா எல்லாத்தையும் சொல்லிட்டா சங்கவி. நான் அந்த வார்த்தையைச் சொன்னா, சாயங்காலம் எனக்கு போன் வராது இல்ல?"

"வராது மாமா."

"தினம் ஆறு மணி ஆனா சட்டைய மாத்திட்டு உக்காந்துக்கறேன். சாப்பிட வரீங்களான்னு கேக்கும். இன்னிக்கு முடியல, நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனா ஒரு வீட்ல நம்மள எதிர்பாக்கறாங்கன்னா அது ஒரு தெம்பும்மா. பரவால்ல, உங்க வீடு முக்கியம். சொல்லிடறேன். நான் போ..."

"மாமா, வாய மூடுங்க!" என்று கத்தினேன். பெரியவரிடம் பேசுகிற பேச்சா அது! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஒண்ணும் சொல்ல வேணாம். ரெண்டு சட்டைய எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்பி வாங்க. புயல் முடியற வரைக்கும் எங்ககூட இருங்க."

ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். ஒரு பையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக அவர் உள்ளே நுழைந்தபோது, "வருக, கௌசிக். நீண்ட நேரமாகிவிட்டது" என்றது வீடு. மாமா கதவைத் தடவிக்கொடுத்தார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசி நடைக்கு இழுவைப் படகு வந்து எங்கள் வீட்டோடு கயிற்றைப் பிணைத்தது. "வீட்டார் அனைவரும் உள்ளே இருக்கிறார்கள். புறப்படலாம்" என்றது வீடு. சங்கிலி கடகடவென்று சுருள ஆரம்பித்தது. நானும் பிரணேஷும் கட்டிக்கொண்டோம். அப்போதுதான் போன் அடித்தது. எங்கள் போன் இல்லை. வீட்டின் போன்.

"ஹலோ? அது... வீடா?"

நிதின் அத்தானின் குரல்.

"ஆம். வணக்கம், நிதின்."

"என் குரல் தெரியுதில்ல? அப்புறம் ஏன் எனக்கு மட்டும் போன் பண்ணல? ரம்யா சித்திக்குப் பண்ணியிருக்க. கௌசிக் மாமாவுக்குத் தினம் பண்றியாம். மாமாவாவது தூரத்துச் சொந்தம். நான் கூடப் பொறந்தவன். என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டியா?"

"நீங்கள் 'போறேன்' என்று சொன்னீர்கள், நிதின்."

அந்தப் பக்கத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அது கோவத்துல சொன்னது."

"கோபம் எனக்குப் புரிவதில்லை. சொல் மட்டும் புரிகிறது."

"அப்படியா? சரி, இதையும் கேட்டுக்கோ. வரேன்."

சுருண்டுகொண்டிருந்த சங்கிலி நின்றது. "நிதின் வருகிறார். காத்திருக்கிறேன்" என்றது வீடு.

பிரணேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இத்தனை மாசமா என்கிட்ட சொல்லாதத வீட்டுகிட்ட சொல்றான் பாரு சங்கு!" வெளியே இழுவைப் படகுக்காரர் ஆடிய ஆட்டத்தை எழுத முடியாது. அரைமணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டேன் என்றார்.

பிரணேஷ் அண்ணனைக் கூப்பிட்டான். "ண்ணா, எங்க இருக்க?"

"மேடவாக்கத்துல. புயல்னு ரேடியோவுல சொன்னான். உங்க ரெண்டு பேரையும் காதப் பிடிச்சு இழுத்துட்டுப் போலாம்னு காலைலயே கிளம்பிட்டேன். நீ எதுவும் பேசாத."

"நீ சொன்ன ஒரு வார்த்தையால வீடு நின்னுடுச்சு ண்ணா. நீ வராம நகராது. நகரலன்னா எங்க வீடு போச்சு."

"என்னடா உளறல் இது? வெச்சுத் தொலை, வண்டி ஓட்டணும்!"

அந்த அரைமணி நேரம் நான் வேண்டாத தெய்வமில்லை. மாமா பதற்றத்தில் வாழைப்பழத்தை உரித்து உரித்து எங்கள் கையில் திணித்துக்கொண்டிருந்தார். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கக் கையை வைத்த நேரத்தில், மழையில் நனைந்துகொண்டு ஒரு உருவம் கரையில் ஓடி வந்தது. சென்னைக்காரர்கள் எல்லோரையும் போல் அவரும் வெள்ளத்துக்குப் பயந்து காரை மேம்பாலத்தின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டு அங்கிருந்து ஓடி வந்திருந்தார்.

நடைபாலத்தின் நடுவில் நின்று மூச்சிரைத்தார். "ரெண்டு பேரும் இறங்குங்க. தர்மபுரி போறோம்."

"உள்ள வந்து பேசு ண்ணா. நனையறே."

"நான் இதுக்குள்ள கால வைக்கறதா இல்ல."

"சரி, வாசல்லயாவது நில்லு."

வாசல்வரை வந்தார். தலையைத் துவட்ட நான் துண்டை நீட்டினேன். அதை வாங்க ஒரு எட்டு உள்ளே வைத்தார்.

"வருக, நிதின். வீட்டார் அனைவரும் உள்ளே இருக்கிறார்கள்."

கதவு சாத்திக்கொண்டது. நடைபாலம் பின்வாங்கியது. சங்கிலி மிச்சத்தையும் சுருட்டிக்கொள்ள, வீடு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அசைந்து நகர ஆரம்பித்தது. படகுக்காரர் விசில் அடித்தார்.

"டேய்! நிறுத்தச் சொல்லுடா! எனக்கு நீச்சல்கூடத் தெரியாது!" அத்தான் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரை தூரமாகிக்கொண்டே போனது. "ஏய் வீடே! நான் இறங்கணும்!"

"இறங்கலாம், நிதின். 'போறேன்' என்று சொல்லுங்கள். அருகிலுள்ள கரையில் இறக்கிவிடுகிறேன்."

பிரணேஷ் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்னப் பையன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அத்தான் வாயைத் திறந்தார். தம்பியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பிறகு ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ராத்திரிக்கு என்ன சமையல், சங்கவி?" என்று கேட்டார்.